பின்வருவனவற்றுள் எது நாயைக் காப்பாற்றும்?

எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் வங்கியில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் என்ன சொன்னாலும் முதலில் என் தலை தானாக ஆடிவிடும். "நேத்தே செக்கு பாஸாகியிருக்கணும்மா" என்பார் ஒருவர். ஆமாம், ஆகியிருக்க வேண்டும். "ஒங்க மிஷினுதான் என் பாஸ்புக்கக் கிழிச்சிருச்சு" என்பார் அடுத்தவர். அதுவும் சரியாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு இந்தக் குணம் பிடித்திருந்தது. மேலாளரும் குறை சொன்னதில்லை. இதனால் எனக்கு ஒரே ஒரு நஷ்டம்தான். கிளார்க்கிலிருந்து ஆபீசராகும் பதவி உயர்வுத் தேர்வில் நான் விடாமல் தோற்றுக்கொண்டிருந்தேன்.

கணக்கு வந்துவிடும். வங்கி நடைமுறைகள் எல்லாம் அன்றாடம் பார்ப்பவைதான். ரீசனிங் பகுதியில் ஒரு வகைக் கேள்வி மட்டும் என்னைக் கவிழ்த்துவிடும். ஒரு சின்னப் பத்தி இருக்கும். அதில் முகம் தெரியாத ஒருவர் சில தகவல்களைச் சொல்லி, ஆகவே இதுதான் முடிவு என்று எதையோ நிறுவியிருப்பார். கீழே ஐந்து விடைகள். தமிழில் சொன்னால் கேள்வி இப்படி வரும்: பின்வருவனவற்றுள் எது, உண்மையானால், இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?

நான் பத்தியை வாசித்ததும் நம்பிவிடுவேன். நம்பிய பிறகு அதை எங்கே பலவீனப்படுத்துவது? ஐந்து விடைகளில் எது நல்லபடியாக ஒலிக்கிறதோ அதைத் தொடுவேன். பெரும்பாலும் அது அந்த வாதத்துக்கு முட்டுக்கொடுக்கும் விடையாக இருக்கும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். வீடு ராஜபாளையத்தில். வாரம் முழுக்க பஸ்ஸில் போய்வரும் அதே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏற வேண்டும். ரதவீதியில் ஒரு மாடி அறை. கீழே பால்கோவாக் கடையில் பால் சுண்டிக்கொண்டிருக்கும். காலை வகுப்பில் அந்த வாசனை படியேறி வந்து எல்லோரையும் கெடுக்கும். பாடம் எடுத்தவள் என்னைவிட ரொம்பவே சின்னவள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஏதேதோ தேர்வுகள் எழுதித் தேறியும், வெளியூர் போகப் பிடிக்காமல் இங்கேயே தங்கிவிட்டவள். என்னை அக்கா என்பாள். நான் அவளை மிஸ் என்பேன்.

முதல் நாள் போர்டில் ஒரு வாதம் எழுதினாள். ஒரு மில் கேன்டீனில் சுக்குக் காபி கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த மாதம் லீவு போடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே சுக்குக் காபி லீவைக் குறைக்கிறது.

"அக்கா, இதுல எங்க கைய வைப்பீங்க?"

"சுக்குக் காபி ஒடம்புக்கு நல்லதுதானங்க மிஸ்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நல்லதா கெட்டதான்னு கேக்கலக்கா. மொதல்ல முடிவு எதுன்னு பாருங்க. பொறவு தகவல் எதுன்னு பாருங்க. தகவலோட சண்டை போடாதீங்க, அது நடந்துருச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தாவு தாவியிருப்பாங்க பாருங்க, அங்கதான் கைய வைக்கணும். அதே மாசம் லீவு போடாதவங்களுக்குத் தனியா போனஸ்னு அறிவிச்சிருந்தா?"

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. காபியும் உண்மை, லீவு குறைந்ததும் உண்மை. நடுவில் போட்ட முடிச்சுதான் சந்தேகம்.

"அப்புறம் ஒண்ணு" என்றாள். "வாதத்த இடிச்சுத் தரைமட்டமாக்க வேண்டாம். லேசா ஆட்டிவிட்டாப் போதும். பலவீனப்படுத்தத்தான் சொல்லியிருக்கான்."

வீட்டில் பயிற்சிக்குத் துணை என் கணவர். போலீசில் ஏட்டு. இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

"ஒரு ஊர்ல தெருவிளக்க எல்லாம் புதுசா மாத்துனாங்க. அதுக்குப் பொறவு திருட்டுக் கொறஞ்சிருச்சு. அதனால வெளிச்சம்தான் திருட்டக் கொறச்சதுங்காங்க. இத எது பலவீனப்படுத்தும்?"

"எந்த ஸ்டேஷன் லிமிட்டு?"

"அதெல்லாம் போடலங்க."

"சரி, சொன்னது யாரு? கவுன்சிலரா?"

"யாரு சொன்னான்னு பாக்கக் கூடாதுங்க. மிஸ் சொல்லியிருக்காங்க. சொன்னதத்தான் பாக்கணும்."

"யாரு சொன்னான்னு பாக்காம எப்படிட்டி விசாரிக்கிறது?"

ஐந்து விடைகளையும் வாசித்தேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, 'அந்த ஊரில் வழக்கமாகத் திருடுபவர்கள் அதே மாதம் கைது செய்யப்பட்டார்கள்' என்பதைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சரியான விடை. எந்தக் கதையாக இருந்தாலும் பெயர் போலீசுக்குத்தான் வர வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு உத்தி எதுவும் கிடையாது. அதை வைத்தே அவர் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு நாய் மேல் கொலைப்பழி விழுந்தது.

நாய் வந்தது பொங்கல் கழிந்து. செண்பகத்தோப்புப் போகிற வழியில் என் கணவரின் சொந்தக்காரர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது, அங்கே பிறந்தது. இந்த ஊர் ஜாதி. வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கும் நீண்ட காலுமாக, பார்ப்பவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்தோம். கூப்பிட்டால் அது வராது என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. காது மந்தமா, அலட்சியமா என்று இன்றுவரை தெரியவில்லை. பகலெல்லாம் தூங்கும். எப்போதாவது எழுந்து, முன்னங்கால்கள் இரண்டையும் பக்கத்து வீட்டுச் சுவர் மேல் வைத்து எட்டிப் பார்க்கும். பிறகு அந்தக் களைப்பில் மறுபடி படுத்துவிடும்.

பக்கத்து வீட்டில் பி.டி. டீச்சர். ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் அடுத்த ஞாயிறு வரை கோழிகள்தான் அவருக்குத் துணை. கழுத்தில் தொங்கும் விசிலை அவர் இன்னும் கழற்றவில்லை. காலையில் ஒரு நீள விசில் அடித்தால் கோழிகள் எங்கே மேய்ந்தாலும் ஓடிவந்து அவர் முன்னால் நிற்கும். அணிவகுப்பு என்றே சொல்லலாம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் அலாரம்.

ஒரு நாள் மாலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது டீச்சர் எங்கள் கேட்டருகே நின்றிருந்தார்.

"ஏட்டி, இங்க வா. எங் கருப்புக் கோழிய ஒன் நாய் தின்னுருச்சு."

நாள் முழுக்க கவுண்டரில் ஆட்டிவிட்டு வந்த தலை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அது பாதி ஆடிவிட்டது. டீச்சர் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நீ எதுக்குத் தலைய ஆட்டுன?" என்றார் என் கணவர்.

"பழக்கம்ங்க."

மறுநாள் காலை துணிந்து சுவரோரம் போனேன். "எங்க நாய் அப்படிச் செய்யாது டீச்சர்" என்றேன். டீச்சர், "செஞ்சிருச்சே" என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த ஞாயிறு மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். "முடிவ அப்படியே 'இல்ல'ன்னு சொல்றது பலவீனப்படுத்துறது இல்லக்கா. அது வெறும் மறுப்பு. அத யாரு வேணாலும் செய்யலாம்."

அதற்குள் செவலைக் கோழியும் காணவில்லை. இந்த முறை நான் வேறு பக்கம் போனேன். "நெசமாவே காணாமப் போச்சா டீச்சர்? நல்லா எண்ணிப் பாத்தீங்களா?"

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல எம்புட்டுப் பிள்ளைகள வரிசையில நிறுத்தி எண்ணுனவ நான். எனக்குக் கோழி எண்ணத் தெரியாதா?"

தகவலோடு சண்டை போடாதே என்று மிஸ் சொன்னதன் அருமை அப்போது புரிந்தது. தேர்வில் அப்படிச் செய்தால் மதிப்பெண்தான் போகும். இங்கே பக்கத்து வீட்டு உறவே போய்விடும் போலிருந்தது.

என் கணவர் தன் முறையில் இறங்கினார். டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று, "டீச்சர், நாய் தின்னிருந்தா ஒரு இறகாவது கெடக்கணும்ல? ரத்தம், எலும்பு ஒண்ணுமில்லயே" என்றார்.

"இம்புட்டுப் பெரிய நாய். இறகோட முழுங்கியிருக்கும்."

"அப்ப கம்ப்ளெய்ன்ட் குடுங்க, விசாரிப்போம்."

"யார்ட்ட குடுக்க? ஒங்ககிட்டயா?"

அவர் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து, "படிச்சவங்ககிட்ட ஸ்டேட்மென்ட் வாங்குறது கஷ்டம்" என்றார்.

சில நாளில் புள்ளிக் கோழியும் போனது. டீச்சர் இந்த முறை கத்தவில்லை. நிதானமாக, வகுப்பெடுப்பது போலச் சொன்னார். "இங்க பாரு. எத்தனையோ வருசமா கோழி வளக்கேன். ஒண்ணு காணாமப் போனதில்ல. இந்தத் தெருவுல புதுசா வந்தது ஒன் நாய் ஒண்ணுதான். அது வந்ததுல இருந்து முட்டை கொறைஞ்சிருச்சு. இப்ப கோழியே போவுது. வேற என்ன காரணம் சொல்லுத?"

புத்தகத்தில் வருவது போலவே அப்பழுக்கில்லாத ஒரு பத்தி. தகவல், தகவல், தகவல், ஆகவே நாய். என் தலை ஆடத் துடித்தது. கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் அந்த வழக்கை அப்படியே போர்டில் எழுதிவிட்டாள். "எது உண்மையானா இந்த வாதம் ஆடும்? சொல்லுங்க."

வகுப்பு சுறுசுறுப்பானது. கூமாப்பட்டியிலிருந்து வரும் ஒருவர் கீரிப்பிள்ளை என்றார். வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தி, "கோழியத் தூக்குறது மனுசத் திருடனாவும் இருக்கும், எங்க பக்கம் வந்து பாருங்க" என்றாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அந்த நாய்க்குப் பல்லே கிடையாது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றாள் மிஸ். "தேர்வுல இப்படி ஒரு விடை வந்தா அதான் இருக்கதுலயே நல்ல விடை. ரொம்பப் பெருசாச் சொல்லுதேன்னு பயந்து விட்டுராதீங்க. 'உண்மையானால்'னு அவனே சொல்லிட்டான்ல. பெருசா இருக்க இருக்க நமக்கு லாபம்."

"பல்லு இருக்கே மிஸ்" என்றேன் நான்.

"அதான்க்கா கஷ்டம். தேர்வுல உண்மையானால்னு அவன் தூக்கிக் குடுத்துருவான். வீட்ல அத யாரு குடுப்பா? நீங்கதான் தேடணும்." சாக்பீஸைக் கையில் உருட்டினாள். "காரணத்த எடுத்துட்டுப் பாருங்களேன். நாய் இல்லாதப்பவும் கோழி காணாமப் போச்சுன்னா, நாய் தப்பிச்சிரும்."

அன்று சாயங்காலமே நாயை அதன் பிறந்த வீடான மாந்தோப்புக்கு அனுப்பினோம். டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினோம். அவர், "நல்ல காரியம்" என்றார்.

அந்த வாரம் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றாவது காணாமல் போக வேண்டும் என்று விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். காலையில் டீச்சர் விசில் அடிக்கும்போது மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்து எண்ணுவேன். எல்லாம் இருக்கும். கொழுகொழுவென்று இருக்கும். வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது என் கணவர் போன் செய்தால், "ஏதாவது போச்சா?" என்பேன். "ஒண்ணும் போகலட்டி" என்பார் துக்கமாக.

வாரம் முடிந்தது. டீச்சர் ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தார். அதைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த சாந்தத்தைத் தாங்க முடியவில்லை.

"நாய் போச்சு, நின்னுருச்சு. பாத்தியா?"

நாயைக் காப்பாற்றப் போய், வாதத்துக்கு நானே முட்டுக்கொடுத்துவிட்டேன். அதாவது தேர்வில் எப்போதும் செய்வதையே வீட்டிலும் செய்துவிட்டேன்.

"அது தோப்புலயே இருக்கட்டும்" என்றார் என் கணவர். அவர் அதைச் சொல்லிவிட்டு நாயின் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு நாங்கள் கேள்வி எதுவும் வாசிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, மாடிக்கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே டீச்சர் பஞ்சாரத்தைத் தூக்கி, உள்ளே இருந்த கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பவும் கவிழ்த்தார். கோழிகளை மூடி வைக்கிற மூங்கில் கூடை அது. எங்கள் தெருவில் எல்லாப் பஞ்சாரமும் எப்போதோ வீட்டுப் பரணுக்குப் போய்விட்டன. டீச்சருடையதும் அங்கேதான் இருந்தது.

"டீச்சர், எப்பலருந்து மூடி வைக்கீங்க?"

"புள்ளிக் கோழி போன மறுநாள்ல இருந்து. காலையில செத்த நேரம் வெளிய விடுதேன், விசில் அடிச்சி எண்ணிட்டு மூடிருதேன். ஏன்?"

கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். புள்ளிக் கோழி போனதற்கும் நாய் போனதற்கும் நடுவே ஒன்றிரண்டு நாள்தான். மிஸ் அடிக்கடி சொல்வாள்: ஒண்ணு மாறுனப்ப கூடவே வேற எது மாறுச்சுன்னு பாருங்க.

"டீச்சர், அப்ப நாய் போனதால கோழி தங்குச்சா, நீங்க மூடி வச்சதால தங்குச்சா?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. பக்கத்து வீட்டுப் பெரிய மனுஷியை நேருக்கு நேராக எதிர்த்துப் பேசியிருக்கிறேன். டீச்சர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. பல்லால் கடித்தார்.

"அது ஒரு கேள்விதான்" என்றார். "நாயக் கூட்டியா. கோழிய நான் வெளிய விடுதேன். ஒன் வீட்டுல ஒக்காந்து ரெண்டு கண்ணால பாக்கேன்."

வங்கிக்கு விடுமுறையான இரண்டாவது சனிக்கிழமை. நாய் முந்தின நாளே வந்துவிட்டிருந்தது. டீச்சர் காலையிலேயே எங்கள் வீட்டுப் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணை நாயிடமிருந்து எடுக்காமலே வாங்கிக்கொண்டார். நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியது. ஒரு விடலைக் கோழி சுவரேறிக் குதித்து எங்கள் பக்கம் வந்தது. நேராக நாயின் தட்டுக்குப் போய் மிச்சச் சோற்றைக் கொத்தியது. நாய் ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்தது. டீச்சர் விசிலைத் தூக்கினார். நாய் நாலடி தள்ளிப்போய், நிழல் பார்த்து, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றார் என் கணவர்.

"நடிக்குது" என்றார் டீச்சர். "நான் இருக்கேன்னு தெரிஞ்சு நடிக்குது."

இப்படிப்பட்ட வாதத்தை எந்த விடையாலும் ஆட்ட முடியாது. தின்றால் குற்றவாளி. தின்னாவிட்டால் நடிகன். இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, வாசல் பக்கமிருந்து 'க்ளக் க்ளக்' என்று சத்தம் கேட்டது.

மூன்று பேரும் முன்பக்கம் வந்தோம். தெருவின் நடுவே கருப்புக் கோழி நடந்து வந்துகொண்டிருந்தது. சற்று மெலிந்திருந்தது. பின்னால் ஒரு கூட்டம் குஞ்சுகள். அம்மா நின்றால் நின்று, நடந்தால் நடந்து, உருண்டு வந்தன. எதிரே வந்த டிவிஎஸ் ஐம்பதுக்காரர் காலை ஊன்றி வண்டியை நிறுத்தி வழிவிட்டார்.

டீச்சர் விசிலை விட்டுவிட்டார். அது கழுத்துக் கயிற்றில் ஆடியது. "ஏ, இவ அடை காக்கப் போயிருக்கா" என்றார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குஞ்சுகள் அவர் சேலைக் கரையைக் கொத்தின.

என் கணவர் குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார். அதன் காலில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. "பஞ்சு" என்றார். ஏட்டு நிமிர்ந்து தெருக்கோடியைப் பார்த்தார். "வாங்க."

தெருக்கோடியில் பூட்டிக்கிடக்கும் ஒரு கொட்டகை உண்டு. முன்பு பேண்டேஜ் துணி மூட்டை கட்டிய இடம். கழிவுப் பஞ்சுச் சாக்குகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பின்பக்கத் தகரம் ஓரத்தில் நெளிந்திருந்தது. கோழி நுழையும் அளவு சந்து. என் கணவர் தகரத்தை இன்னும் கொஞ்சம் விலக்கித் தலையை நீட்டினார். பிரிந்துகிடந்த ஒரு சாக்கின் மேல், மெத்தையில் சாய்ந்த ஜமீன்தாரிணியைப் போல, செவலைக் கோழி. அடுத்த சாக்கில் புள்ளிக் கோழி. முட்டைக் கணக்குப் பார்க்கக் கையை நீட்டியவரைச் செவலை ஒரே கொத்து கொத்தியது.

"ரெண்டும் உசுரோட இருக்கு" என்றார், விரலை உதறியபடி. "பொண்ணுக காணோம் கேஸு மாதிரிதான். தேடிப்போனா, போன எடத்துல நல்லாத்தான் இருக்கும்."

வீட்டுக்குத் திரும்பும்போது டீச்சர் எனக்கு முன்னால் நடந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்பாரோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கேட்டால் என்ன சொல்வது, பரவாயில்லை டீச்சர் என்பதா என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரருகே போய் நின்றார். அவர் பக்கத்தில் சுவரை ஒட்டி உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்று கிடந்தது.

"இதுகளெல்லாம் எப்பவும் இந்தத் தொட்டிக்குள்ளதான் முட்டை வைக்கும். அடையும் இங்கதான்" என்றார். "ஒன் நாய் இந்தச் சுவர் மேல கால வச்சி எட்டி எட்டிப் பாக்குதா. பயந்துக்கிட்டு எடத்த மாத்தியிருக்குக. முட்டை ஏன் கொறஞ்சுச்சுங்குத? அங்க போயி வச்சிருக்கு."

"ஆமா டீச்சர்."

"அப்ப காரணம் யாரு? நாய்தான. நான் சொன்னது சரிதான். தின்னுச்சுன்னு சொன்னது மட்டும் கொஞ்சம் கூடப்போச்சு."

நான் யோசித்துப் பார்த்தேன். நாய் வந்த பிறகுதான் முட்டை குறைந்தது. நாய் வந்த பிறகுதான் கோழிகள் போயின. நாய்தான் காரணம். ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. நடுவில் ஒரே ஒரு தாவல், அதுவும் வயிற்றுக்குள். கீரியும் திருடனும் பல்லில்லாத நாயுமாக நாங்கள் அடுக்கிய விடைகள் எல்லாம் தோற்று, பத்தியை எழுதியவர் முக்கால்வாசி சரி என்று ஆகிவிட்டது. "சரிதான் டீச்சர்" என்றேன். பழக்கத்தில் சொல்லவில்லை. ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நாய் வெயில் வந்துவிட்டதென்று அடுத்த நிழலுக்கு நகர்ந்தது.

மதுரையில் தேர்வு. ஏசி உறைந்த ஒரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்த வகைக் கேள்வி வந்ததும் விடைகளைப் படிக்காமல் முதலில் முடிவைத் தேடினேன். பிறகு, எதைப் பார்த்து இந்த மனிதர் இங்கே தாவினார் என்று தேடினேன். ஒரு கேள்வியில் உரம் மாற்றியதால் விளைச்சல் கூடியது என்று ஒருவர் சாதித்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அந்த வருஷம் கூடவே வேறு என்ன மாறியது என்று மட்டும் அவரிடம் கேட்டேன். மூன்றாவது விடையில் கால்வாய் வெட்டியிருந்தார்கள். தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

தேறிவிட்டேன். மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை, தேறியது தேறியதுதான். என் கணவர் ஸ்டேஷன் முழுக்க மிட்டாய் கொடுத்து, தன் பயிற்சியால்தான் தேறினாள் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாதத்தை நான் ஆட்டப் போகவில்லை.

புத்தகம் எனக்கு இனி வேண்டாம் என்று பழைய பேப்பரோடு வைத்திருந்தேன். ஒரு நாள் குஞ்சுகளைப் பார்க்கப் போனபோது டீச்சர், "அந்த வம்புப் புத்தகம் இருந்தாக் குடு" என்றார். பொழுதுபோகாமல் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். பத்து நாள் விசில் சத்தம்கூட தாமதமாகத்தான் கேட்டது.

ஒரு ஞாயிறு, கோயில் முடிந்த கையோடு வெள்ளைச் சேலையில் வந்து நின்றார். கையில் புத்தகம்.

"ஒங்க மிஸ்ஸு கிளாஸு எங்க நடக்கு? கூட்டிட்டுப் போ."

"எதுக்கு டீச்சர்?"

"இதுல ஒரு விடை தப்பாப் போட்டிருக்கான்."

இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் அந்தக் கேள்வியை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஆமாங்க, இவங்க சொல்லுததுதான் சரி" என்றார். ரதவீதியில் இறங்கி, மாடிப்படி ஏறி, பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்புக்குள் டீச்சர் நேராக நுழைந்தார். மிஸ் சாக்பீஸோடு திரும்பினாள். நான் பின்னால் நின்று, இவர்தான் என்று சைகை காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முழு வகுப்புக்கும் புரிந்துவிட்டது. "கோழி டீச்சர்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

டீச்சர் புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தார். மிஸ் வாசித்தாள். பதில் சொன்னாள். டீச்சர் மறுத்தார். மிஸ் போர்டில் எழுதிக் காட்டினாள். டீச்சர் சாக்பீஸை வாங்கி அதன் கீழே எழுதினார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கூமாப்பட்டிக்காரர் டீச்சர் பக்கம், வன்னியம்பட்டிப் பெண் மிஸ் பக்கம். பால் சுண்டும் வாசனை மேலே வந்தும் அன்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் மிஸ் புத்தகத்தை மூடினாள். "ரெண்டு விடையும் பொருந்தும் டீச்சர். கேள்விய அவன் சரியா எழுதல."

"அப்படி ஒத்துக்கிட்டாச் சரி" என்றார் டீச்சர். திரும்பிப் போவார் என்று நினைத்தேன். அவர் முன் பெஞ்சில் இருந்தவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்தத எழுது" என்றார்.

எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை என்றாலும், இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிலிருந்து நேரே அங்கேதான் போகிறார்.